குரலுக்கு விரியும் காசித்தும்பை

கிட்ட வந்து உட்காருங்க கண்ணுகளா, ஏற்காட்டில் குரலுக்கு விரியும் பூவை உண்டாக்கியவள் கதையைச் சொல்கிறேன்.

அவள் பெயர் ஸ்டெல்லா. வளர்ப்பவரின் குரலைக் கேட்டால் மட்டும் இதழ் விரிக்கும் காசித்தும்பை அவள் கைராசியில் வந்த ரகம்தான். அவள் வாசலிலும் ஒன்று நின்றது. கணவர் அருளப்பன் காலையில் "எழுந்திரு தாயி" என்பார், அது விரியும்.

பக்கவாதம் வந்து அவருக்கு நாக்குக் குழறிப்போனது. ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பிய அன்று செடியைக் கூப்பிட்டுப் பார்த்தார். மொட்டு அசையவில்லை.

"செடிக்கே என்னைத் தெரியல" என்றவர், அதற்குப் பிறகு வாயே திறக்கவில்லை.

ஸ்டெல்லா மறுபடி மகரந்தம் மாற்றி வைத்து, விதை எடுத்து, முந்நூறு நாற்று வளர்த்தாள். அவர் குழறலுக்கு விரியும் செடி அதில் ஒன்றாவது இருக்காதா? ஆனால் கண்டுபிடிக்க அவர் பேச வேண்டுமே! கெஞ்சிப் பார்த்தாள். முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

ஒரு காலையில் அவரை நாற்றுகளுக்கு நடுவே உட்காரவைத்து, காபியில் உப்பைப் போட்டுக் கொடுத்தாள்.

"உ... உப்பாடி போட்டே, பாவி?"

"சரியாக் கேக்கல. இன்னும் நல்லாத் திட்டுங்க."

திட்டினார். எட்டு மாதமாக அடக்கி வைத்ததெல்லாம் குழறிக் குழறி வந்தது. கடைசி வரிசை ஓரத்தில் ஒரே ஒரு மொட்டு விரிந்தது.

அருளப்பன் திட்டுவதை நிறுத்தினார். "எழுந்திரு தாயி" என்றார், மெதுவாக. அதே செடியில் பக்கத்து மொட்டும் விரிந்தது.

யார் குரல் எப்படி உடைந்தாலும், அதைத் தெரிந்துகொள்ள உங்கள் வீட்டில் ஒரு உயிர் இருக்கட்டும், என் செல்வங்களே.