காதில் மாட்டாத ஆள்

தீவுத்திடல் வாசலில் வந்தவர்களுக்கெல்லாம் இலவசமாகக் காதுப்பொறி கொடுத்தார்கள். மேடையில் எதைப் பாடினாலும், அவரவருக்குப் பிடித்த பாட்டைத்தான் அது காதில் போடும். தேசிங்கு வாங்கவில்லை. சும்மா கொடுக்கிறவனை அவர் என்றைக்கு நம்பினார்?

மேடையில் அவர் மகள் பூரணி கிட்டாரும் கையுமாக நின்று புதுப் பாட்டைப் பாடினாள். கூட்டம் கையைத் தூக்கிக்கொண்டு ஆடியது. பக்கத்தில் நின்ற பெண் கண்ணை மூடிக்கொண்டு பூரணியின் பழைய பாட்டு ஒன்றைப் பாடிக்கொண்டிருந்தாள். முன்னால் நின்றவன் பாடியது வேறொரு பழைய பாட்டு.

“கொஞ்சம் வாய மூடும்மா, பாட்டு கேக்கணும்” என்றார் தேசிங்கு. அது அவள் காதுக்குப் போகவில்லை.

கச்சேரி முடிந்து மேடைக்குப் பின்னால் போனார். பூரணி துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டே, பதிலை எதிர்பார்க்காதவள் போலக் கேட்டாள்.

“புதுப் பாட்டு எப்படிப்பா?”

“மொதல்ல ஒரே கத்தல். நடுவுல ஜவ்வு மாதிரி இழுக்குற. கடைசில உங்கம்மா சைக்கிள் கத்துக்கிறப்ப விழுந்தத பாடுனியே, அது மட்டும் தேவல.”

டிரம்ஸ் வாசிக்கிறவன் முறைத்தான். “பெருசு, அவ்ளோ கூட்டமும் ஆடுச்சு.”

“ஆடுச்சு. எந்தப் பாட்டுக்குன்னு போய்க் கேளு.”

பூரணி அவருக்கு ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டாள்.

“இந்தப் பாட்ட எத்தனையோ ஊர்ல பாடிட்டேன். அதுல அம்மா வருதுன்னு சொன்ன மொத ஆளு நீதான். நாளைக்குச் சேலத்துக்கும் வாப்பா. காதுல எதையும் மாட்டிக்காத.”