கதையில் இல்லாத ஆள்

"இப்போ எழுத்து தெளிவாத் தெரியுதாம்மா?"

"பளிச்சுனு தெரியுது" என்ற அந்த அம்மா, கண்ணாடிக்காரர் சோதனைக்காகக் கையில் கொடுத்திருந்த வாரப் பத்திரிகையைச் சத்தமாகவே வாசித்தார். "'முதலில் ஒரு கலர் பென்சில். பிறகு ஒரு பாராட்டு. பிறகு, இதை வீட்டில் சொல்லாதே. ஓவிய வகுப்பில் நடந்த இந்தக் கொடுமை என் சொந்த அனுபவம்தான் என்று வாசகர் கூட்டத்தில் சொன்னார் எழுத்தாளர்...' அட, போட்டோவில இருக்கிறது உங்க வீட்டம்மா இல்ல? பாவம், எவ்வளவு தைரியம்."

கண்ணாடிக்காரருக்குத்தான் கண் இருட்டிக்கொண்டு வந்தது.

மனைவி எழுதிய கதை போன மாதமே அந்தப் பத்திரிகையில் வந்திருந்தது. பாராட்டிப் பாராட்டியே ஒன்பது வயசுப் பெண்ணைத் தன் பக்கம் இழுத்துக்கொள்ளும் ஓவிய வாத்தியார். யாரிடமும் சொல்ல முடியாமல் தவிக்கும் குழந்தை. அவரும் படித்தார். கடைக்கு வந்தவர்களிடமெல்லாம் காட்டிப் பெருமையும் அடித்துக்கொண்டார். கதை என்றால் கதை. சொந்த அனுபவம் என்றால்?

கல்யாணமாகிப் பதினாறு வருஷம். அவர் மனைவி ஆப்பிள் வரைந்தால் பூசணிக்காய் மாதிரிதான் வரும். ஓவிய வகுப்பு வாசலைக்கூட மிதித்ததில்லை என்று மாமியாரே சொல்லிச் சிரித்திருக்கிறார்.

வழக்கமாக ஒன்றரைக்குத்தான் சாப்பாட்டுக்குக் கடையைப் பூட்டுவார். அன்று பதினைந்து நிமிஷம் முன்னாலேயே பூட்டிவிட்டு வீட்டுக்கு ஓடினார்.

மனைவி துணி மடித்துக்கொண்டிருந்தாள்.

"நிஜமாவே உனக்கு அப்படி ஏதாவது நடந்ததா? என்கிட்ட சொன்னா நான் என்ன தப்பாவா நினைப்பேன்?"

"இல்லைங்க. எனக்கு நடக்கலை."

மனசு லேசானது. லேசான இடத்தில் கோபம் வந்து உட்கார்ந்துகொண்டது.

"அப்புறம் எதுக்கு அத்தனை பேர் முன்னாடி பொய் சொன்னே?"

"ஒருத்தர் எழுந்து, 'பட்டவங்கதான் இதையெல்லாம் எழுதணும், எழுத உங்களுக்கு என்ன உரிமை, இது உங்களுக்கு நடந்ததா'ன்னு கேட்டார்."

"கற்பனைன்னு சொல்ல வேண்டியதுதானே?"

"சொன்னேன். நம்பலை. 'இவ்வளவு நுணுக்கமா இருக்கே, அப்போ யாரோ சொல்லியிருக்கணும், யார் அது'ன்னு ஆளாளுக்குக் கிளம்பிட்டாங்க. எனக்குத்தான் நடந்ததுன்னு சொன்னேன். அடங்கிட்டாங்க."

"அவர் கேட்டதுல என்ன தப்பு? எத்தனை குழந்தைங்க வெளியில சொல்ல முடியாம புழுங்குதுங்க. அவங்க வலியை எடுத்து நீ பதக்கம் மாதிரி குத்திக்கிட்டே."

பதினாறு வருஷத்தில் ஒரு வாக்குவாதத்திலும் அவள் தோற்றதில்லை. இன்று பேசாமல் அடுத்த சட்டையை எடுத்து, அதன் கையை நீவினாள்.

அந்த மௌனம் அவருக்குத் தெம்பைக் கொடுத்தது. பேப்பரும் பேனாவும் எடுத்து மேஜை முன்னால் உட்கார்ந்தார்.

"பத்திரிகை ஆசிரியருக்கு லெட்டர் எழுதறேன். நான் சொன்னது பொய், மன்னிச்சுக்கோங்கன்னு. நீ கையெழுத்துப் போடு."

"போட மாட்டேங்க."

"ஏன் போட மாட்டே?"

"அண்ணி போட வேண்டாம்ணா."

வாசலில் அவருடைய தங்கை நின்றிருந்தாள். பக்கத்துத் தெரு பேங்கில் கேஷியர். மதிய இடைவேளையில் டிபன் டப்பாவோடு இங்கேதான் சாப்பிட வருவாள். எவ்வளவு நேரமாக நிற்கிறாள் என்று தெரியவில்லை.

"நீ இதுல தலையிடாதே. உங்க அண்ணி பண்ணின காரியம் தெரியுமா உனக்கு?"

"தெரியும். எனக்காகத்தான் பண்ணினாங்க." டப்பாவை மேஜைமேல் வைத்தாள். "அது ஓவிய வகுப்பு இல்லண்ணா. வயலின் வகுப்பு."

பேனா நின்றது. அவர்கள் வீட்டில் வயலின் கற்றுக்கொண்டது ஒரே ஒருத்திதான்.

"நீ எதுக்கும்மா இப்போ இதை..." என்று மனைவி எழுந்து வந்தாள்.

"இருக்கட்டும் அண்ணி." தங்கை நாற்காலியை இழுத்துப் போட்டு அவர் எதிரில் உட்கார்ந்தாள். "எனக்கு நாலு வரி சேர்ந்தாப்பல எழுத வராது. அண்ணிகிட்ட சொன்னேன், அவங்க எழுதினாங்க. வரிக்கு வரி படிச்சுத் திருத்தினது நான். உரிமை உரிமைங்கறாங்களே, அதைக் குடுத்ததும் நான்தான். என் பேர் மட்டும் வெளியில வந்துடக்கூடாதுன்னு கேட்டுக்கிட்டேன். அதுக்காக அவங்க தன் பேரையே குடுத்துட்டாங்க."

அவர் பேனாவைக் கீழே வைத்தார். "அப்போ... கதையில வர்றதெல்லாம் அப்படியே நடந்ததா?"

"அப்படியேதான். வகுப்பை மட்டும் மாத்தினாங்க. அப்புறம், ஒரே ஒரு ஆளை எடுத்துட்டோம்."

"யாரை?"

அவள் அண்ணியை ஒருமுறை பார்த்தாள்.

"வாரா வாரம் என்னைச் சைக்கிள்ல கூட்டிட்டுப் போய், வயித்து வலின்னு அழுதா 'நடிக்காதே'ன்னு உள்ளே தள்ளிவிட்டு, வகுப்பு முடியற வரைக்கும் வாசல்லயே உக்காந்திருந்த அண்ணனை."

அவர் எழுதியிருந்த லெட்டர் மேஜையிலிருந்து நழுவிக் கீழே விழுந்தது. யாரும் குனியவில்லை.

"அண்ணி அவனையும் எழுதித்தான் வச்சிருந்தாங்க" என்றாள் தங்கை. "நான்தான் அந்தப் பக்கத்தை அடிச்சேன். படிக்கிறவங்க அவனைத் திட்டிடுவாங்கன்னு பயமா இருந்தது. உனக்கும் அப்போ பன்னெண்டு வயசுதானேண்ணா."