கறுப்பா, வெள்ளையா

"பொம்பளப் பிள்ளைங்க ஸ்கூலுக்குப் போடுற ஷூ, கறுப்பு நல்லதா, வெள்ளை நல்லதா?"

ஒரு காலில் மட்டும் பூட்ஸை மாட்டிக்கொண்டு, கையில் போனோடு வாசலில் நின்று கணவர் கேட்டார்.

அவள் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. இஸ்திரிப் பெட்டி சூடேறிவிட்டது. லாண்டரிக் கடைக்காரர் கொடுத்தனுப்பிய சட்டைகள் கட்டிலில் மலையாகக் கிடந்தன.

"கேள்வி கேக்கிறவன்கிட்டயே கேளுங்க. எனக்கு வேலை கிடக்கு."

அவர் சிரித்தார். அவசரமில்லை, யோசித்து வை, சாயங்காலம் வந்து முடித்துக்கொள்கிறேன் என்று சொல்லிவிட்டு மற்றக் காலிலும் பூட்ஸை மாட்டிக்கொண்டு போனார்.

அவர் லிஃப்ட் மெக்கானிக். அன்று மத்தியானம் ஒரு கட்டடத்தின் உச்சியில், மோட்டார் அறைச் சுவரில் சாய்ந்து உட்கார்ந்தவர் எழுந்திருக்கவில்லை. மாரடைப்பு என்றார்கள். கருவிப் பையையும் பூட்ஸையும் போனையும் கொண்டுவந்து அவளிடம் கொடுத்தார்கள்.

அந்தப் போனைப் பார்த்தாலே அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

கேள்விக்குப் பதில் சொன்னால் காசு தருகிற வலைத்தளம் ஒன்று. பஸ்ஸில், குளியலறையில், பால் பொங்குவதற்குக் காத்திருக்கும் நேரத்தில்கூட அவர் அதிலேதான் இருப்பார். எந்த சோப்பு, எந்த பிஸ்கட், வாரத்தில் எத்தனை தடவை. முக்கால்வாசி முடித்த பிறகு 'நீங்கள் இந்த ஆய்வுக்குப் பொருந்தவில்லை' என்று கழுத்தைப் பிடித்துத் தள்ளும். துடைத்துவிட்டுக்கொண்டு அடுத்ததற்குப் போவார்.

இத்தனை வருடத்தில் கிடைத்தது ஒரு குடையும், இந்த ஊரில் கிளையே இல்லாத கடையின் பரிசுக் கூப்பனும்.

சுண்டைக்காய் கால் பணம், சுமைகூலி முக்கால் பணம் என்று அவள் சொல்லாத நாளில்லை. குடைக்கு மட்டும் மழைக்காலத்தில் மரியாதை கொடுப்பாள்.

போதாததற்கு அவளையும் இழுப்பார். காய்ச்சல் மருந்து என்ன ருசியில் இருந்தால் பிள்ளைகள் குடிக்கும்? முன்பல் விழுந்த பிள்ளைக்கு எந்த பிரஷ்? யாரோ பெற்ற பிள்ளைக்கு நான் ஏன் மண்டையை உடைத்துக்கொள்ள வேண்டும் என்று முணுமுணுத்தபடியே ஏதாவது சொல்லி வைப்பாள். ஆரஞ்சு. சின்னது, மிருதுவானது. அவர் கவனமாகத் தட்டிக்கொள்வார்.

தன்னோடு பேச வேண்டிய நேரத்தையெல்லாம் அது தின்றுவிட்டது என்பதுதான் இப்போது அவள் கணக்கு. காரியமெல்லாம் முடிந்து கொழுந்தன் வந்தபோது முதல் வேலையாகப் போனை நீட்டினாள். அந்தச் சனியனை ஒழித்துக்கட்டிவிட்டுத் தா, பிறகு நான் வைத்துக்கொள்கிறேன் என்றாள்.

கொழுந்தன் அவ்வளவு காலமும் வெளியூரில் வேலையில் இருந்தவன். திரையைத் தள்ளிக்கொண்டே போனவன், அண்ணன் போன நாளுக்குப் பிறகு முதல்முறையாகச் சிரித்துவிட்டான்.

"அண்ணன் லேசுப்பட்ட ஆளில்ல அண்ணி. ஒரு பொண்ணு இருக்கிறதா போட்டு வெச்சிருக்காரு."

பிள்ளை இருப்பதாகப் போட்டால் ஆய்வுகள் நிறைய வரும், எல்லாரும் செய்கிற தகிடுதத்தம்தான் என்று அவன் விளக்கினான். அவளுக்கும் சிரிப்பு வந்தது. பொய் சொல்லத் தெரியாத மனிதன், போயும் போயும் ஒரு குடைக்காகவா சொன்னார்?

கணக்கை அழிக்கட்டுமா என்று கேட்டு அவன் விரலைத் திரைமேல் வைத்தான்.

எட்டிப் பார்த்தவள், அந்தப் பெண்ணின் பிறந்த தேதியைப் பார்த்தாள்.

"இரு" என்றாள்.

போனை அவன் கையிலிருந்து வாங்கிக்கொண்டு உள்ளே போய்க் கட்டிலில், சட்டைகளுக்கு நடுவே உட்கார்ந்தாள்.

அந்தத் தேதி உலகத்தில் தனக்கு மட்டும்தான் நினைவிருக்கிறது என்று நினைத்திருந்தாள். விடியற்காலையில் பிறந்து, சாயங்காலத்துக்குள் போய்விட்ட குழந்தை. துணியில் சுற்றி அவர்தான் எடுத்துப் போனார். திரும்பி வந்தவர் அதற்குப் பிறகு அதைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. ஆண்பிள்ளைக்கு மறப்பது சுலபம் என்று அவளும் வாயைத் திறக்கவில்லை. வருடா வருடம் அந்த நாளில் ஆளுக்கொரு பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார்கள்.

திரையில் மகளுக்கு எட்டு வயது ஆகியிருந்தது.

பாதியில் நின்ற ஆய்வு இன்றோடு முடிகிறது என்று மேலே ஒரு வரி வந்து நின்றது. தொட்டாள்.

அவர் பதில் சொன்ன கேள்விகள் அப்படியே இருந்தன. மகளுக்குக் கால் சீக்கிரம் வளர்கிறதா? ஆம். வாரை அவளே மாட்டிக்கொள்வாளா? ஆம். கடைக்கு அவளோடு யார் போவார்கள்? அம்மா.

அதற்குக் கீழே, எந்த நிறம் என்ற கேள்வி மட்டும் காலியாக இருந்தது.

வெள்ளை என்றால் ஒரே நாளில் அழுக்காகிவிடும். இவள் ஓரிடத்தில் நிற்கிற பிள்ளையா என்ன?

கறுப்பைத் தொட்டாள்.

கூடத்திலிருந்து கொழுந்தன் குரல் கொடுத்தான். ஆயிற்றா அண்ணி, அழித்துவிடலாமா என்று கேட்டான்.

கடைசியாக ஒரு கேள்வி வந்தது. சென்ற முறைக்குப் பிறகு உங்கள் வீட்டில் இருப்பவர்களின் எண்ணிக்கையில் மாற்றம் உண்டா?

பக்கத்து அறையில் அவருடைய பூட்ஸ் துடைத்து வைத்தபடி இருந்தது.

'இல்லை' என்பதைத் தொட்டாள்.

மூன்று, மூன்றாகவே இருந்தது.