எதுவரைக்கும் வலிக்கிறது

ஆபரேஷன் முடிந்து பிலோமி கண் விழித்தபோது எங்குமே வலிக்கவில்லை. வயிற்றில் பெரிய கட்டு இருந்தது. தொட்டுப் பார்த்தாள், வேறு யாருடைய வயிற்றையோ தொடுவது போலிருந்தது. அவளுடைய அண்ணனுக்கும் இதே இரைப்பைப் புற்றுநோய்தான். திறந்து பார்த்துவிட்டு, இனிச் செய்வதற்கு ஒன்றுமில்லை என்று அப்படியே தைத்து அனுப்பிவிட்டார்கள். அவரும் வலியே இல்லை என்றுதான் சொன்னார்.

"நெசத்தச் சொல்லுங்க. கட்டிய எடுக்கலதான?"

"எடுத்தாச்சு பிலோமி. நானே கண்ணால பாத்தேன்," என்றார் கணவர் சேவியர். "முதுகுல குழாய் சொருகி மருந்து விடுதாங்க. அதான் வலிக்கல."

அவர் சிரித்துக்கொண்டே சொன்னார். அண்ணனிடம் அவளும் அப்படித்தான் சிரித்துக்கொண்டு, கட்டியை எடுத்தாச்சு என்று பொய் சொல்லியிருந்தாள். இரண்டு நாளும் கணவரின் முகத்தையே பார்த்துக்கொண்டு கிடந்தாள், ஒன்றும் பிடிபடவில்லை.

மூன்றாம் நாள் காலையில் முதுகுக் குழாயை எடுத்தார்கள். மத்தியானம் வலி மெல்லக் கிளம்பி, மூச்சுவிட முடியாதபடி வயிற்றைக் கவ்விப் பிடித்தது. நர்ஸ் வலி ஊசியோடு ஓடிவந்தாள். பிலோமி கட்டில் கம்பியை இறுகப் பற்றிக்கொண்டு வேண்டாமென்று தலையசைத்தாள்.

"கொஞ்சம் பொறும்மா. எங்க அண்ணனுக்கு இப்படி வலிக்கவே இல்ல. எதுவரைக்கும் வலிக்குதுன்னு பாத்துக்கிடுதேன்."