துரை மேசையில் ஒரு சொல்

"பாய்! சூப் எங்கே?"

உலு திராம் ரப்பர் தோட்டத்து ஆங்கிலேயத் துரையின் குரல். சூப்போடு ஓடிய பங்களாச் சமையல்காரர் கிரகோரிக்கு வயது ஐம்பது தாண்டிவிட்டது. மகள் வினிஃப்ரெட்டைப் பெண் பார்க்க மறுநாள் சிங்கப்பூரிலிருந்து வருகிறார்கள்.

மாதாவை வேண்டிக்கொண்டு வாயைத் திறந்தார்.

"துரை, நாளைக்கு ஒரு நாள் மட்டும் 'பாய்'னு கூப்பிடாதீங்க. சம்பந்தி வீட்டார் முன்னால, என்னைப் போய் 'பையா'ன்னா நல்லா இருக்காதுங்க."

விருந்துக்கு வந்த வெள்ளைக்காரர்கள் சிரித்தார்கள்.

"எங்கள் பிரான்சில் 'கார்சோன்' என்போம். அதுவும் பையன்தான். நரைத்த கிழவனானாலும் ஓட்டலில் தட்டு ஏந்தினால் கார்சோன்!"

"எங்கள் டச்சில் 'யோங்கன்'. ஜாவாவில் என் சமையல்காரனுக்குப் பேரப்பிள்ளைகளே இருக்கிறார்கள். இன்னும் பையன்தான்!"

"எங்கள் 'பாய்' எங்கே பிறந்ததென்று படித்தவனுக்கே நிச்சயமில்லை" என்றார் துரை. "முதலில் வேலைக்காரனுக்குத்தான் சொன்னார்களாம். பிறகுதான் பிள்ளைகளுக்கு வந்ததாம்!"

சிரிப்பு ஓய்ந்ததும் திரும்பினார்.

"சரி, நாளைக்குப் பேர் சொல்லியே கூப்பிடுகிறேன். உன் பேர் என்ன?"

கிரகோரி மேசையிலிருந்து கையை எடுத்துக்கொண்டார். துரைக்குக் காய்ச்சல் கண்டபோதெல்லாம் விடிய விடியக் கால் பிடித்துவிட்ட கை.

"கிரகோரி, துரை."

குசினிக்கு வந்ததும் உடைந்துவிட்டார்.

"இத்தனை வருஷம் என் கையால தின்னுட்டு, பேர் தெரியலையாம் பியாட்ரிஸ்! நாய்க்குக்கூடப் பேர் வெச்சிருக்கான்!"

"ஆண்டவர் பார்த்துக்கிட்டுதான் இருக்கார். அழாதீங்க" என்றாள் மனைவி.

பின்வாசலில் விறகுக்கட்டோடு நின்ற கிழவர் தலைத்துண்டை அவிழ்த்தார்.

"கிரகோரி ஐயா, மனசை விடாதீங்க. உங்க பேர் இந்தத் தோட்டத்துக்கே தெரியும். பாப்பாவுக்கு நல்ல இடமா அமையும்."

"உன்னை எவன்டா கேட்டான்? விறகைப் போட்டுட்டுப் போடா, பயலே!"

கிழவர் ஓசைப்படாமல் விறகை இறக்கிவிட்டுப் போனார்.

பியாட்ரிசுக்கு மனசு கேட்கவில்லை.

"உங்க அப்பா வயசுங்க அவருக்கு. வினிஃப்ரெட் பொறந்ததுலேர்ந்து நம்ம அடுப்புக்கு விறகு பிளக்கிறார். நாளைக்குக் கூப்பிட்டு, இலை போட்டு, ஒரு வாய் சோறு போடணும். நானும் கேட்டதே இல்லை பாருங்க... அவர் பேர் என்னங்க?"

கிரகோரி அடுப்பைப் பார்த்தார். விறகைப் பார்த்தார்.

"பாய்! காப்பி!"

"இதோ வந்துட்டேன் துரை!" என்று, விட்டால் போதும் என ஓடினார்.