செலிக்கின் தங்கம்

"தங்கம் எடுக்கத்தான் வந்திருக்கான். நான் சொல்லலை?" என்றான் மாவு மில் வலென்டி.

தெக்லா ஜன்னல் வழியே பார்த்தாள். கொல்லையில், கக்கூஸுக்குப் பின்னால், கடிகாரம் பழுது பார்க்கும் செலிக் குழி தோண்டிக்கொண்டிருந்தார்.

மூன்று வருஷத்துக்கு முன் ஜெர்மன்காரர்கள் அந்தப் போலந்துச் சிற்றூரின் யூதர்கள் அத்தனை பேரையும் லாரியில் ஏற்றிக்கொண்டு போனார்கள். போர் முடிந்து திரும்பி வந்தவர் செலிக் ஒருவர்தான்.

காலையில் கதவைத் தட்டி, "கொல்லையில ஒரு சின்ன வேலை இருக்கும்மா. மண்வெட்டி தர்றீங்களா?" என்றார். அவருடைய வீட்டிலேயே குடியிருந்துகொண்டு எப்படி மறுப்பது?

"பொண்டாட்டி, பிள்ளைங்க?" என்று மட்டும் கேட்டாள். அவர் மண்வெட்டியை வாங்கிக்கொண்டு கொல்லைப்பக்கம் நடந்தார்.

அதற்குள் வலென்டி ஊரைக் கூட்டிவிட்டான்.

"அவர்கிட்ட ஏது தங்கம்?" என்றாள் தெக்லா. "ஒழுகற கூரையை மாத்த முடியாத மனுஷன். நீங்கல்லாம் வந்து தரையைப் பேத்தீங்க, அடுப்பை இடிச்சீங்க. ஒரு காசு கிடைச்சுதா?"

"கிடைக்கலைன்னா அவ்வளவு பத்திரமா ஒளிச்சிருக்கான்னு அர்த்தம். யூதன் வீட்டுல தங்கம் இல்லாம இருக்குமா? எங்க தாத்தாவே சொல்லியிருக்காரு."

"தாத்தா கண்ணால பார்த்தாரா?"

"பார்க்கணுமா என்ன? ஊர் உலகத்துக்கே தெரிஞ்ச விஷயம்."

மண்வெட்டி தகரத்தில் இடித்தது.

கோடரிக் காம்பை எடுத்துக்கொண்டு வலென்டி கொல்லைக்கு நடந்தான். வேலியோரம் நின்ற கும்பலும் உள்ளே வந்தது. தெக்லா எல்லோரையும் முந்திக்கொண்டு ஓடி, செலிக்கை ஒட்டி நின்றாள்.

செலிக் துருப்பிடித்த பெட்டி ஒன்றைக் குழியிலிருந்து தூக்கி வைத்தார்.

"திற," என்றான் வலென்டி. "ஊரைச் சுரண்டிச் சேர்த்ததுல ஊருக்கும் பங்கு உண்டு."

செலிக் திறந்தார். உள்ளே மெழுகுத் துணியில் சுற்றிய சிறு பொட்டலங்கள். முதல் பொட்டலத்தைப் பிரித்ததும் வெயிலில் தங்கம் மின்னியது.

"இப்ப என்ன சொல்றே?" என்றான் வலென்டி. தெக்லாவின் முகம் விழுந்துவிட்டது.

அதில் கட்டியிருந்த சீட்டைக் கண்ணுக்கு மிக அருகில் பிடித்துப் படித்தார் செலிக். அவருடைய மூக்குக் கண்ணாடி எந்த முகாமில் போனதோ.

"வலென்டி குருபா. ஸ்பிரிங் உடைஞ்சது."

அந்தத் தங்கக் கடிகாரத்துக்குச் சாவி கொடுத்து, காதில் வைத்துக் கேட்டு, அவனிடம் நீட்டினார். "ரிப்பேர் முடிஞ்சிருச்சுங்க. ஜெர்மன்காரங்க எங்க தெருவை அடைச்சுட்டாங்க, கொண்டு வந்து குடுக்க வழியில்லாம போச்சு. மன்னிச்சுக்கங்க."

'என் கடிகாரத்தை யூதன் முழுங்கிட்டான்' என்று மூன்று வருஷமாக ஊரெல்லாம் சொல்லித் திரிந்த வலென்டி, கோடரிக் காம்பைக் கீழே போட்டுவிட்டு இரண்டு கையாலும் அதை வாங்கிக்கொண்டான்.

அடுத்தது வாத்தியாருடையது. அப்புறம் தபால்காரருடையது. போரில் செத்துப்போன ஒருவனுடையதை அவன் மனைவியிடம் கொடுத்தார். மொத்தம் பதினோரு கடிகாரங்கள். வாங்கியவர்களில் ஒருவராலும் அவர் முகத்தைப் பார்க்க முடியவில்லை. கூலி என்று அவர் வாயைத் திறக்கவும் இல்லை.

கூட்டம் கலைந்தது. குழியை மூடிவிட்டு மண்வெட்டியைத் திருப்பிக் கொடுத்தார் செலிக்.

"இதுக்காகவா இவ்வளவு தூரம் வந்தீங்க?"

"அடுத்தவங்க பொருளாச்சேம்மா."

"உங்களோடது?" என்று கேட்டுக்கொண்டே தெக்லா பெட்டிக்குள் எட்டிப் பார்த்தாள்.

பெட்டி காலியாக இருந்தது.