கொக்கியில் தொங்கிய துண்டு

நைட்டி எப்போது தெருவுக்குக் கிளம்பினாலும் துண்டு அதன் தோளில் ஏறிக்கொள்ளும். "நான் இல்லேன்னா உனக்கு ஏதுடி மரியாதை?" என்று அலட்டிக்கொள்ளும்.

ஒருநாள் மத்தியானம் காய்ச்சலில் குழந்தைக்கு உடம்பு தூக்கித் தூக்கிப் போட்டது. அம்மா அதை வாரியெடுத்துக்கொண்டு அப்படியே நைட்டியோடு ஓடினாள். துண்டு கொக்கியிலேயே தொங்கியது.

அதற்கு இருப்புக்கொள்ளவில்லை. துண்டு போடாதவளைக் கண்டாலே முகம் சுளிக்கிற எதிர்வீட்டு பாக்கியத்தம்மா பார்த்திருப்பாளே!

சாயங்காலம் நைட்டி மருந்து வாடையோடு திரும்பியது. அதன் தோளில் குழந்தை தூங்கிக்கொண்டிருந்தது.

"பாக்கியத்தம்மா பார்த்தாங்களா?"

"பார்த்தாங்க. ஆட்டோவை நிறுத்தி, அவங்களும் போட்டிருந்த நைட்டியோடவே எங்ககூட ஏறிட்டாங்க."

"துண்டு போட்டிருந்தாங்கல்ல?"

"தோள்ல இல்ல. நனைச்சு குழந்தை நெத்தியில போட்டிருந்தாங்க."